கூடிய வருமானமும் திருப்பிக் கேட்கப்படும் பணமும்

சண்டிலிப்பாய் சீரணி நாகபூசணி அம்மன் கோவில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் இலண்டனிலிருந்து வந்து போகும் குடும்பம் ஒன்று திடீரென வராமல் விட்டால், ஊரில் அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படும். கை நீட்டமாக உதவியவர் கையைச் சுருக்கிக் கொண்டால் அவருடைய மனமே மாறிவிட்டதாகக் கருதப்படும். அங்கே அவருடைய வீட்டுக் கதவடியில் விழுந்த ஒரு மண்ணிறக் கடித உறையைப் பற்றி இங்கு எவருக்கும் தெரிய வராது. உங்களுக்கு இத்தனை ஆயிரம் பவுண் மேலதிகமாகக் கொடுத்துவிட்டோம், அதைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கும் கடிதம் அது. வெட்கம் காரணமாக அதனைப் பற்றித் தொலைபேசியில் எவரும் பேசுவதில்லை.

நம்மவர்கள் ரக்ஸ் கிரெடிற் என்று சொல்லிப் பழகிய வரிவரவுத் திட்டம், பிரித்தானியாவில் 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 2003 ஏப்ரல் மாதம் தொடங்கப்பட்டது. குறைந்த ஊதியத்தில் வேலை செய்வோருக்கு ஒன்று, பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மற்றொன்று என இரு பகுதிகளாக அது இருந்தது. பெற்றோல் நிலையத்திலும் பலசரக்குக் கடையிலும் இரவுப் பணியிலும் நின்ற ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வாடகையும் பிள்ளைகளின் செலவும் இதனாலேயே ஈடேறின. 2025 ஏப்ரல் 5 ஆம் திகதியுடன் அத்திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. ஆனால் அது விட்டுச் சென்ற கடன்கள் முடியவில்லை. அவை இப்போது யுனிவேர்சல் கிரெடிற் கொடுப்பனவை வழங்கும் திணைக்களத்தின் கைக்கு மாற்றப்பட்டு அறவிடப்பட்டு வருகின்றன.

ஒருவர் உழைத்து முன்னேறியதற்காக எவ்வாறு கடனாளியாக முடியும்? இதனை விளங்கிக் கொள்ளக் கணக்கைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கொடுப்பனவு மாதந்தோறும் அல்லது வாரந்தோறும் கிடைத்தாலும் உரித்து கணிக்கப்பட்டது ஆண்டு வருமானத்தின்மீது. ஆண்டு தொடங்கும்போது அவ்வாண்டின் வருமானம் எவருக்கும் தெரியாது. எனவே முந்திய ஆண்டின் வருமானத்தை வைத்துப் பணம் கொடுத்துவிட்டு, ஆண்டு முடிந்த பின் உண்மையான வருமானத்தோடு ஒப்பிட்டுக் கணக்கை முடித்தார்கள். வருமானம் குறிப்பிட்ட தொகைக்கு மேல் உயர்ந்திருந்தால், உயர்ந்த ஒவ்வொரு பவுணுக்கும் 41 பென்ஸ் வீதம் உரித்து குறைந்தது.

இரண்டு பிள்ளைகளுடன் வாழும் ஒரு தம்பதியை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். 2017-18 இல் அவர்களுடைய வருமானம் 16,000 பவுண். அடுத்த ஆண்டு மனைவியும் வேலைக்குப் போனதனால் அது 24,000 ஆகியது. பழைய வருமானத்தின்படி 2018-19 இல் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 6,957 பவுண். உயர்ந்த 8,000 பவுணில் 2,500 பவுணைச் சட்டம் கண்டுகொள்வதில்லை. எஞ்சிய 5,500 இல் 41 வீதம் 2,255. ஆகவே உரித்தானது 4,702 மட்டுமே. அந்த 2,255 பவுண் கடனாகி விட்டது. அத்தோடும் முடியவில்லை. கணக்கு முடிக்கும் படிவத்தை அனுப்புவதற்கு யூலை 31 வரை தவணை இருந்தது. ஏப்ரலிலிருந்து யூலை வரை பழைய தொகையே தொடர்ந்து வந்தது. புதிய ஆண்டிலோ 2,500 பவுண் சலுகையும் இல்லை, முழு 8,000 பவுணும் கணக்கில் வந்துவிடும். எனவே அந்த நான்கு மாதங்களில் மேலும் ஏறத்தாழ 1,090 பவுண் மிகையாகச் சென்றுவிட்டது. மொத்தம் 3,300 பவுணுக்கு மேல்.

இனி மாதாந்தம் கிடைப்பதைப் பாருங்கள். முன்பு 580 பவுண் வந்த இடத்தில் இனி உரித்து 306 பவுண். குடும்ப வருமானம் 20,000 பவுணுக்கு மேற்பட்டதாயின் அதில் பாதி வரை கடனுக்காகக் கழிக்க விதி இடம் கொடுத்தது. ஆக, கைக்கு வருவது 153. மனைவியின் சம்பளம் கூடிய மகிழ்ச்சி எவ்வளவு காலம் நீடித்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இதிலுள்ள பொறி யாதெனில், ஆண்டின் நடுவில் வருமானம் உயர்ந்ததை உடனே அறிவிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இருக்கவில்லை. வேலை நேரம் குறைந்தமை, துணை சேர்ந்தமை அல்லது பிரிந்தமை, பிள்ளைப் பராமரிப்புச் செலவு குறைந்தமை போன்றவற்றையே ஒரு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும், தவறினால் 300 பவுண் வரை தண்டம் என்று விதி கூறியது. வருமான உயர்வை அறிவிக்காதவர் குற்றவாளி அல்லர், ஆனால் கடனாளியாவார். சட்டத்தை மீறாமலே கடன்படலாம் என்பது நம்மவர்களுக்கு மட்டுமன்றி ஆங்கிலேயருக்கும் விளங்காத விடயமாகவே இருந்தது.

விளங்கவில்லை என்பதற்குச் சான்று முதலாண்டிலேயே கிடைத்தது. 2003-04 இல் ஏறத்தாழ 19 இலட்சம் குடும்பங்களுக்குச் சுமார் 200 கோடி பவுண் மிகையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. நாடாளுமன்றக் குறைகேள் அதிகாரியாக இருந்த ஆன் ஏப்ரகாம் 2005 யூனிலும் மீண்டும் 2007 ஒக்ரோபரிலும் இதுபற்றித் தனி அறிக்கைகளை வெளியிட்டார். அதனிடையே கண்டுகொள்ளப்படாத தொகை 2006 இல் 2,500 இலிருந்து 25,000 பவுணாக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. அக்காலத்தில் மிகைக்கொடுப்பனவு பெருமளவு குறைந்தது. பின்னர் சிக்கனத்தின் பெயரால் 2011 இல் 10,000, 2013 இல் 5,000, 2016 இல் மறுபடியும் 2,500 என்று அது இறக்கப்பட்டது. மேலே காட்டிய குடும்பம் 2008 இல் இதே உயர்வைக் கண்டிருந்தால் அந்த முதலாண்டுக்கு ஒரு பவுணும் கடன்பட்டிராது. மக்களின் கவனயீனமே கடனுக்குக் காரணம் என்று சொல்வோர் இதனை நினைவிற் கொள்வது நல்லது.

துணை சேர்ந்தமை பற்றிய விதி நமது சமூகங்களை விசேடமாகப் பாதித்தது. தனியாளாக விண்ணப்பித்துப் பெற்று வந்த ஒருவரின் கணவரோ மனைவியோ இலங்கையிலிருந்து சென்று சேர்ந்தால், அன்றோடு தனியாள் உரித்து முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். பதிவுத் திருமணம் நடக்கவில்லை, கோவிலில் தாலி கட்டியது மட்டுமே அல்லது நிக்காஹ் மட்டுமே என்பது இங்கு செல்லுபடியாகாது. ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்வதே அளவுகோல். அறிவிக்காது விட்ட காலத்துக்குரிய முழுத் தொகையும் கடனாகும். ஆயினும் அக்காலத்தில் இருவராக விண்ணப்பித்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தொகையை அக்கடனிலிருந்து கழித்துவிடுமாறு கேட்கும் வழி 2010 முதல் இருந்தது. கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

வட்டிக்கு அஞ்சும் முஸ்லிம் வாசகர்களுக்கு ஒரு விளக்கம்: மோசடியோ அசட்டையோ காரணமாக இருந்தாலன்றி இக்கடனுக்கு வட்டி விதிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை. எனவே தவணை முறையில் கட்டுவதால் தொகை வளர்ந்துவிடாது. கடனை எழுத்தில் பதிந்து வைக்குமாறு குர்ஆன் அறிவுறுத்துவதை அறிந்தவர்கள், இக்கடிதங்களையும் பேசிய திகதிகளையும் கோப்பிலிட்டு வைத்திருக்க வேண்டும் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? கடன் சரியாகக் கணிக்கப்பட்டதா என்பதும், சரியான கடனாயினும் அதனை அறவிடுவது நியாயமா என்பதும் வெவ்வேறு கேள்விகள். கணிப்புப் பிழையென்றால் முடிவு வெளியாகி 30 நாட்களுக்குள் மீள்பரிசீலனை கேட்டு, பின்னர் நியாயசபையில் மேன்முறையீடு செய்யலாம் என்பது விதி. நமது பக்கத்துக் கடமைகளை எல்லாம் செய்திருக்கத் திணைக்களமே தவறிழைத்தது என்றால், அறவிடலை ஆட்சேபிக்க மூன்று மாதத் தவணை இருந்தது. அதற்கு மேன்முறையீட்டு உரிமை இல்லை. இவ்விரண்டையும் குழப்பிக் கொண்டு தவணையைத் தவறவிட்டவர்கள் அநேகர். பழைய கடன் இப்போது கைமாறி வந்திருக்குமாயின் எந்த ஆண்டுக்குரியது, எவ்வாறு கணிக்கப்பட்டது, ஏற்கனவே எவ்வளவு கழிக்கப்பட்டது என எழுத்தில் கேட்பதே முதல் வேலை. யுனிவேர்சல் கிரெடிற் பெறுவோரிடம் கழிக்கப்படும் தொகை 2025 ஏப்ரல் முதல் பொதுவாக அடிப்படைத் தொகையின் 15 வீதத்துக்கு மேற்படலாகாது. முன்னர் அது 25 வீதமாக இருந்தது. அதனைப் பெறாதவர்களின் சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழிக்கவும் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே கடிதத்தைத் திறக்காமல் அலுமாரிக்குள் போடுவதால் ஆவது ஒன்றுமில்லை. தாங்க முடியாத தொகையாயின் குறைத்துத் தருமாறு கேட்கலாம். இதற்கெல்லாம் நம்மவர் கடைகளின் மேல்மாடியில் இருக்கும் முகவர்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இலவச ஆலோசனை கிடைக்கிறது.

வேறு நாடுகள் இதே சிக்கலை எவ்வாறு கையாண்டன என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். கனடாவின் பிள்ளைக் கொடுப்பனவு, யூலையிலிருந்து மறு யூன் வரை, சென்ற ஆண்டின் வருமானத்தை வைத்தே வழங்கப்படுகிறது. இவ்வாண்டு சம்பளம் கூடினால் அடுத்த யூலையிலிருந்து குறையும், அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை. ரொறன்ரோவிலுள்ள சண்டிலிப்பாய்க்காரருக்கு இல்லாத தலையிடி இலண்டனிலுள்ளவருக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை இதுதான். அவுஸ்திரேலியாவிலோ 2015 முதல் ஆண்டு வருமானத்தை இருவாரங்களாகச் சராசரி பிரித்துக் கணினி கடன் கண்டுபிடித்தது. அது சட்டவிரோதமானதென 2019 இல் வெளிப்பட்டது. நெதர்லாந்தில் பிள்ளைப் பராமரிப்புக் கொடுப்பனவில் அப்பாவிப் பெற்றோர் ஆயிரக்கணக்கில் மோசடிக்காரராக்கப்பட்டனர். வெளிநாட்டுப் பின்னணியுடையோர் அதிற் பெருமளவில் சிக்கினர். 2021 சனவரியில் அந்நாட்டு அரசாங்கமே பதவி விலகியது.

நமது நாட்டின் அஸ்வெசும, சம்பளத்தை ஆண்டிறுதியில் ஒப்பிட்டுக் கணக்கு முடிக்கும் முறையில் அமைந்ததன்று. 2023 இல் தொடங்கிய அத்திட்டம் கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு முதலான ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பத்தை ஒரு தரத்தில் இடுகிறது. சண்டிலிப்பாயிலுள்ள வலிகாமம் தென்மேற்குப் பிரதேச செயலகத்தில் முறையீட்டுப் படிவத்துடன் நிற்பவரின் கவலை, வாங்கியதைத் திருப்பிக் கட்டுவது பற்றியதன்று. ஏன் தன்னைச் சேர்க்கவில்லை என்பது பற்றியது. அது தனியாக எழுத வேண்டிய விடயம்.

ஊரோடு நேரடியாகத் தொடர்புடைய ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். பழைய வரிவரவில் ஒருவருக்குச் சண்டிலிப்பாயில் வீடு வளவு இருப்பது தடையாக இருக்கவில்லை. அதன் வாடகை மட்டுமே வருமானமாகக் கணக்கிடப்பட்டது. யுனிவேர்சல் கிரெடிற் அப்படியன்று. தான் குடியிராத வீடும் காணியும், அவை வெளிநாட்டில் இருந்தாலும், மூலதனமாகக் கொள்ளப்படும். மூலதனம் 16,000 பவுணை மிஞ்சினால் உரித்தே இல்லை. இன்றைய காணி விலையில் அந்த எல்லையைத் தாண்ட யாழ்ப்பாணத்தில் பெரிய வளவு தேவையில்லை. பழைய திட்டத்திலிருந்து அறிவித்தலின் பேரில் மாற்றப்பட்டவர்களுக்கு இவ்வெல்லையிலிருந்து 12 மாத விலக்கு அளிக்கப்பட்டது. அதன் பின் இல்லை. பென்சன் வயதை எட்டிய தாய் தந்தையர் குடியிருக்கும் வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் தாய் தந்தையர் காலமாகி வீடு பூட்டப்பட்டாலோ, வேறு ஒருவருக்குக் கொடுக்கப்பட்டாலோ நிலைமை மாறும். அம்மாற்றத்தை அறிவிக்காதவரிடம் அந்நாளிலிருந்து பெற்ற முழுத் தொகையும் திருப்பிக் கேட்கப்படலாம். எனவே சீதனமாகவோ நன்கொடையாகவோ உறுதி முடித்து வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் பெயரில் எழுத எண்ணும் பெற்றோர், நொத்தாரிசிடம் போவதற்கு முன் அப்பிள்ளையிடம் ஒரு சொல் கேட்டுக் கொள்ளட்டும்.