துணியில் மிச்சம் பிடிக்கும் வடிவியல்

எந்தத் தையல்கடையிலும் கட்டிங் மேஜைக்கு அடியில் ஒரு சாக்குப்பை இருக்கும். கழுத்து வெட்டிய பிறைத்துண்டு, அக்குள் வெட்டிய வளைவு, கைக்கும் உடம்புக்கும் நடுவே மீந்த முக்கோணம் எல்லாம் அதற்குள்தான் போய்ச் சேரும். காசு கொடுத்து வாங்கியும் உடம்பில் ஏறாத துணி அது. பெரிய ஆடைத் தொழிற்சாலைகளில் கணக்குப் போட்டு வெட்டினாலும்கூட, பத்தில் ஒரு பங்குக்கு மேல் துணி இப்படிக் கழிந்துபோவது சாதாரணம். வீட்டில் ஒற்றை உடுப்பு வெட்டும்போது கழிவு இன்னும் கூடும். இதற்குத் தையல்காரரின் கவனக்குறைவைக் காரணம் சொல்ல முடியாது. தறி நமக்குத் தருவது செவ்வகம். உடம்பில் செவ்வகம் எங்குமே இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள பொருத்தமின்மைதான் அந்தச் சாக்குப்பையை நிரப்புகிறது.

சேலையும் வேட்டியும் இந்தச் சிக்கலுக்குள் வருவதே இல்லை. தறியிலிருந்து இறங்கியபடியே இடுப்பில் ஏறிவிடுகின்றன. வெட்டித் தைக்கும் உடுப்புகளிலும் பழைய சமூகங்கள் துணியை வீணாக்காமல்தான் வடிவமைத்தன. ஜப்பானியக் கிமோனோவுக்குச் சுமார் 36 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட ஒரே சுருள். அதை எட்டு நீள்சதுரத் துண்டுகளாக வெட்டுவார்கள், மீதி என்று எதுவும் விழாது. வட இந்தியாவின் கலிதார் குர்தாவில் நடுப்பகுதி நேரான நீள்சதுரம். கீழே விரிவு தருவதற்காகப் பக்கங்களில் வைத்துத் தைக்கும் ‘கலி’, ஒரு செவ்வகத்தைச் சாய்வாகக் குறுக்கே வெட்டியது. ஒரு வெட்டில் இரண்டு கலி கிடைக்கும், இடையில் ஒரு நூல் கூடக் கழியாது. கனடாவில் ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டோரதி பர்னம், 1973இல் வெளியான ‘கட் மை கோட்’ என்ற சிறு நூலில், பல நாட்டுப் பழைய சட்டைகளின் வெட்டு முறையைத் தறியின் அகலம்தான் பெரும்பாலும் தீர்மானித்தது என்பதைப் படங்களோடு காட்டினார். உடுப்புக்காகத் துணி நெய்யப்படவில்லை. கிடைத்த துணியின் அகலத்துக்குள் உடுப்பு பிறந்தது.

உடம்போடு ஒட்டிய உடுப்பு வேண்டும் என்று நாம் ஆசைப்பட்ட பிறகு வளைவுகள் வந்தன, கூடவே கழிவும் வந்தது. அந்தக் கழிவைக் குறைக்க இன்றுவரை சாதாரண மனிதர்கள் கையில் உள்ள மிகச் சிறந்த கருவி, உடுப்பின் துண்டுகளை முதலில் தாளில் வெட்டிக்கொள்ளும் பேப்பர் கட்டிங். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் தையல்காரராக இருந்த எபனேசர் பட்டரிக், 1863இல் வெவ்வேறு அளவுகளில் பேப்பர் பேட்டர்ன் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பு கிடைத்தவை பெரும்பாலும் ஒரே அளவில்தான் வரும், வாங்கியவர்தான் தன் உடம்புக்கு ஏற்பப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டும். ஜெர்மனியில் ஏன்னே புர்டா 1950இல் ஆரம்பித்த பத்திரிகை, 1952 முதல் பேட்டர்ன் தாளையும் உள்ளே வைத்துக் கொடுத்தது. ஒரே தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். வேண்டிய கோட்டை மட்டும் வேறு தாளில் நகலெடுத்துக்கொள்ள வேண்டும். மூலத்தாளில் கத்தரி படாது என்பதால் அதே தாள் மகளுக்கும் பயன்படும், பக்கத்து வீட்டுக்கும் பயன்படும்.

நம் ஊரில் பேட்டர்ன் வாங்கும் வழக்கம் குறைவு. அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். தைக்கத் தெரிந்தவர்கள்கூட, அளவை நேராகத் துணிமேல் சாக்பீஸால் வரைந்துவிடுவதுதான் அதிகம். அங்கேதான் நஷ்டம் ஆரம்பிக்கிறது என்பது என் கருத்து. துணிமேல் முதல் துண்டை வரைந்ததும் மற்றத் துண்டுகளுக்கு இடம் அநேகமாக முடிவாகிவிடுகிறது. பழுப்புத்தாளிலோ பழைய செய்தித்தாளிலோ வெட்டி வைத்த துண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் நகர்த்தலாம், தலைகீழாகத் திருப்பலாம். அதற்கு ஒரு காசும் செலவில்லை. நன்றாகப் பொருந்துகிற ஒரு பிளவுஸின் உடம்புப் பகுதியை மட்டும் கெட்டித்தாளில் எடுத்து வைத்துக்கொண்டால், கழுத்தையும் கையையும் மாற்றி மாற்றி ஆயுசுக்கும் தைக்கலாம். புதுப் பேட்டர்ன் என்று கடையில் விற்பதில் பாதிக்கு மேல் இந்த மாற்றங்கள்தான்.

நகர்த்திப் பார்ப்பதில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதை ஒரு சுடிதார் டாப்ஸை வைத்துப் பார்ப்போம். தையல் விளிம்பு சேர்த்து முன்பாகமும் பின்பாகமும் தலா 42 அங்குல நீளம், மார்பில் 21 அங்குல அகலம், கீழே 27 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். கை ஒவ்வொன்றும் 15 அங்குல அகலம், 12 அங்குல நீளம். கடையில் இரண்டு துணிகள். ஒன்று 44 அங்குலப் பன்னா, அதாவது துணியின் அகலம் 44 அங்குலம், மீட்டர் 120 ரூபாய். இன்னொன்று 58 அங்குலப் பன்னா, மீட்டர் 140 ரூபாய். மலிவானது எது?

44 அங்குலத்தில் முன்பாகமும் பின்பாகமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் 54 அங்குலம். ஆகவே ஒன்றுக்குக் கீழே ஒன்று வைக்க வேண்டும். நீளம் 84 அங்குலம். பக்கத்தில் மிஞ்சும் 17 அங்குலப் பட்டியில் கைகள் அடங்கிவிடும். 2.15 மீட்டர் வாங்க வேண்டும், 258 ரூபாய். 58 அங்குலத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுவிடும், கைகள் கீழே. நீளம் 54 அங்குலம்தான். 1.4 மீட்டர் போதும், 196 ரூபாய். மீட்டருக்கு 20 ரூபாய் அதிகம் கேட்ட துணியில் 62 ரூபாய் மிச்சம்.

இப்போது கீழ் விரிவு இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று 27ஐ 30 ஆக்கிப் பாருங்கள். இரண்டு துண்டும் சேர்ந்து 60 அங்குலம். 58க்குள் நிற்காது. மறுபடியும் ஒன்றுக்குக் கீழ் ஒன்று, மறுபடியும் 2.15 மீட்டர், 301 ரூபாய். மூன்று அங்குல விரிவின் விலை 105 ரூபாய்! ஆனால் பேப்பர் கையில் இருப்பவர் இங்கே தோற்க வேண்டியதில்லை. பின்பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஒன்றின் குறுகிய மேல்பக்கம் மற்றதன் அகன்ற கீழ்ப்பக்கத்துக்கு அருகே வரும், சாய்ந்த ஓரங்கள் ஒன்றையொன்று ஒட்டிப் படியும். இரண்டும் சேர்ந்து 56 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். திரும்பவும் 1.4 மீட்டர், 196 ரூபாய். துணியும் மாறவில்லை, உடுப்பும் மாறவில்லை.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வெல்வெட் மாதிரி ஒரு பக்கமாகப் படியும் துணியிலும், யானையும் மயிலும் ஒரே திசையில் நிற்கும் கலம்காரி அச்சிலும் தலைகீழாக்க முடியாது. பெரிய கட்டம் போட்ட துணியில், கட்டத்தோடு கட்டம் சேர்க்க இன்னும் கொஞ்சம் நீளம் வேண்டும். விலை குறைந்த கட்டத் துணி, வெட்டி முடித்த பிறகு விலை கூடிய துணியாகிவிடுவது இதனால்தான்.

அரைச்சுற்றுத் திருப்பலாம் என்றால் கால்சுற்று, அரைக்கால் சுற்று ஏன் திருப்பக் கூடாது? இடம் இன்னும் மிச்சமாகுமே. இங்கே துணியின் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. நெய்த துணியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் தறியில் இறுக்கமாக இழுத்துக் கட்டப்பட்டது. அந்தத் திசையில் துணி மிகக் குறைவாகவே நீளும். குறுக்கே ஓடும் ஊடை சற்று அதிகம் இளகும். 45 டிகிரியில் இழுத்தால் கதையே வேறு. நூல் எதுவும் நீள்வதில்லை. ஆனால் பாவும் ஊடையும் சேர்ந்து உண்டாக்கிய குட்டிச் சதுரங்கள் எல்லாம் சாய்சதுரமாக நசுங்குகின்றன, துணி ரப்பர் போல நீள்கிறது. 1920களில் பாரிசில் மாத்லேன் வியோனே இந்தக் குணத்தை வைத்தே உடம்போடு வழியும் கவுன்களை உருவாக்கினார். முழு அளவுத் துணியில் கை வைக்கும் முன், ஒரு சிறிய மரப்பொம்மையில் துணி சுற்றிச் சோதித்துப் பார்ப்பது அவருடைய வழக்கம். நம் தையல்காரர்கள் பிளவுஸுக்குப் போடும் கிராஸ் கட்டிங்கும் இதே குணத்தைத்தான் நம்பியிருக்கிறது. கச்சிதமாக உட்காரும், துணி அதிகம் பிடிக்கும். விரும்பிச் செய்தால் அது அழகு. மிச்சம் பிடிப்பதற்காக ஒரு துண்டை மட்டும் சாய்த்து வெட்டினால், நாலு சலவைக்குள் அந்தப் பக்கம் தொங்கிவிடும்.

தொழிற்சாலைகளில் உடுப்பின் செலவில் பெரும்பங்கு துணிக்கே போகிறது. அதனால் துண்டுகளை நெருக்கி அடுக்குவது அங்கே தனி வேலை, திருப்பூரில் அதை மார்க்கர் போடுவது என்பார்கள். பத்துத் துண்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதற்கே 36,28,800 வழிகள் உண்டு. இருப்பதிலேயே சிறந்த அடுக்கை எல்லாச் சமயத்திலும் வேகமாகக் கண்டுபிடிக்கும் முறை எதுவும் இன்றுவரை கணிதத்துக்குக் கிடைக்கவில்லை. கணினிகளும் ‘போதுமான அளவு நல்ல’ விடையைத்தான் தருகின்றன. அந்த விடைப்படி துணியைத் தானே வெட்டும் இயந்திரத்தை 1960களின் கடைசியில் உருவாக்கிய ஜோசப் கெர்பர், நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். மாணவராக இருந்தபோது பைஜாமாவின் எலாஸ்டிக்கை எடுத்து, இழுத்தால் அளவு மாறும் ஸ்கேல் ஒன்றைச் செய்தவர் என்பது இந்தத் துறைக்கே பொருத்தமான ஆரம்பம்.

மார்க்கர் போடுகிறவர்கள் ஒன்றை நன்றாக அறிவார்கள். ஒரே அளவைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைவிடப் பெரிய அளவையும் சின்ன அளவையும் கலந்து அடுக்கினால் கழிவு குறையும். பெரிய துண்டுகளின் இடைவெளிகளில் சின்னத் துண்டுகள் போய் உட்கார்ந்துவிடும். வீட்டிலும் இது அப்படியே செல்லும். அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே துணியில் எடுத்து, ஒரே நாளில் சேர்த்து வெட்டினால், தனித்தனியாக வாங்குவதைவிடக் குறைவாகவே துணி பிடிக்கும்.

வெட்டுவதற்கு முன்பே நடக்கும் நஷ்டம் ஒன்றும் உண்டு. பருத்தி தண்ணீரைக் குடித்ததும் இழைகள் பருக்கின்றன. பருத்த நூலைச் சுற்றி ஏறி இறங்கக் குறுக்கு நூலுக்கு அதிகத் தூரம் ஆகிறது. நூலின் நீளம் கூடாததால் துணி குறுகுகிறது. தறியில் இழுத்து வைத்த பாவும் இளகுவதால் நீளவாட்டில்தான் சுருக்கம் அதிகம். நூற்றுக்கு ஐந்து சுருங்கினால், இரண்டு மீட்டரில் 10 சென்டிமீட்டர் போய்விடும். ‘லைனிங் துணியை நனைச்சுக் காயவெச்சுக் கொண்டுவாங்க’ என்று தையல்காரர்கள் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதற்குத்தான். மேல்துணி பாலியெஸ்டராக இருந்தால் அது சுருங்காது. உள்ளே பருத்தி லைனிங் சுருங்கும். முதல் சலவையிலேயே துணிக்காசும் தையல்கூலியும் சேர்ந்து போகும்.

மிச்சம் பிடிக்கும் வித்தைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிராஸ் பட்டிதான். கழுத்துக்குப் பைப்பிங் வைக்கச் சாய்வாக வெட்டிய நீளப்பட்டி வேண்டும். இதற்காக நல்ல துணியின் நடுவில் கத்தரி வைப்பவர்கள் உண்டு. தேவையே இல்லை. 30 சென்டிமீட்டர் சதுரமான ஒரு மீதித்துண்டு போதும். அதை மூலைவிட்டத்தில் இரண்டு முக்கோணமாக வெட்டி, நேர் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து இணைகரமாக்குங்கள். அதன் சாய்ந்த நீள ஓரத்துக்கு இணையாக 3 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். பிறகு இரு முனைகளையும் ஒரு கோடு தள்ளிச் சேர்த்துக் குழாய் போலத் தையுங்கள். கத்தரியை ஒரு முனையில் வைத்துக் கோட்டோடு போனால், பட்டி சுருள் சுருளாக அறுபடாமல் வந்துகொண்டே இருக்கும். சதுரத்தின் பரப்பு 900 சதுர சென்டிமீட்டர், பட்டி அகலம் 3. ஆக, தையலுக்குப் போவது நீங்கலாக ஏறக்குறைய மூன்று மீட்டர். வட இந்தியத் தையல்காரர்கள் சுடிதாரின் காலை வெட்டுவதற்கு முன் துணியைச் சாய்வாகச் சேர்த்து ஒரு பையாகத் தைத்துக்கொள்வதும் இதே கணக்கில்தான்.

துணி வாங்கும் இடத்திலும் இந்த வடிவியல் உதவும். ஆடைத் தொழிற்சாலைக்குச் சுருளின் கடைசியில் மிஞ்சும் இரண்டு மூன்று மீட்டர் பயன்படாது, பல அடுக்கு விரிப்பதற்கு அது போதாது. அதனால்தான் அத்தகைய துண்டுகள் கட்பீஸாகச் சல்லிசான விலைக்கு வருகின்றன. தொழிற்சாலைக்குக் குறையாகத் தெரியும் நீளம், வீட்டில் ஓர் உடுப்புக்குத் தாராளம். ஆனால் கட்பீஸ் வாங்குகிறவருக்குத் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அலமாரியில் அடுக்கி வைக்கத்தான் உதவும்.

ஆகவே கடைக்குக் கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். பேப்பர் துண்டுகளைத் தரையில் பரப்பி, 44 அங்குலத்துக்குள் ஒரு முறையும் 58 அங்குலத்துக்குள் ஒரு முறையும் அடுக்கிப் பார்த்து, இரண்டு நீளங்களையும் ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் விலை கேட்பதற்கு முன் பன்னா எவ்வளவு என்று கேளுங்கள். நீளத்தை விலையால் பெருக்கிப் பார்த்த பிறகு துணியைக் கிழிக்கச் சொல்லுங்கள்.