கரையோரக் கோயில்கள் – 9: சனிக்கிழமை சாயங்காலம்

கோவளம் கார்மேல் மாதா கோயிலை 1808-ல் ஜான் டி மான்டி என்ற வணிகர் கட்டிய கதையைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் கட்டடத்தை விட்டுவிடுகிறேன். அதன் வாசலை மிதிக்கும் முன் மனிதர்கள் தங்களை எப்படித் தயார் செய்துகொண்டார்கள் என்பதுதான் என் மனத்தில் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் கத்தோலிக்கர்களுக்குத் தயாரிப்பு வயிற்றில் தொடங்கியது. நற்கருணை வாங்க வேண்டுமென்றால் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. இரவெல்லாம் வலை இழுத்துவிட்டுக் கரையேறுகிறவரை நினைத்துப் பாருங்கள். உப்புக் காற்றில் தொண்டை வறண்டிருக்கும், வீட்டில் நீராகாரம் இருக்கும், ஆனால் பூசை முடியும் வரை தொடமுடியாது. 1953-ல்தான் தண்ணீர் குடிக்கலாம் என்று போப் பன்னிரண்டாம் பயஸ் தளர்த்தினார். 1957-ல் நோன்பு மூன்று மணி நேரமாகி, 1964-ல் ஆறாம் பவுல் காலத்தில் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. உழைக்கிறவர்களுக்கு அது கருணைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனாலும் ஞாயிறு என்பது சனிக்கிழமை இரவே தொடங்கிவிடுகிறது என்று அந்தப் பசி உடம்புக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இன்று அதைச் சொல்ல ஆளில்லை. வண்டியை நிறுத்தி, செல்போனை அணைத்து, மூச்சு வாங்க உட்காரும்போது முதல் பாட்டு முடிந்துவிடுகிறது.

செங்கல்பட்டுப் புராட்டஸ்டண்ட் சபைகளின் கதை வேறு. 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் ஸ்காட்லாந்து மிஷன்தான் செங்கல்பட்டிலும் கிளைப் பள்ளி திறந்தது. அந்த நாட்டுச் சபையில் திருவிருந்து என்பது லேசான காரியமல்ல. முன்கூட்டியே உபவாச நாள், ஆயத்த நாள் என்று வைத்திருந்தார்கள். மூப்பர்கள் விசாரித்து, தகுதியானவர் என்று கண்டால் சிறு உலோக வில்லை ஒன்றைக் கொடுப்பார்கள். அது கையில் இல்லாதவருக்குப் பந்தியில் இடமில்லை. வில்லையெல்லாம் போய்விட்டாலும், நம் ஊர்ச் சபைகளில் திருவிருந்துக்கு முன் நடக்கும் 'ஆயத்த ஆராதனை'யில் அந்தக் கண்டிப்பின் நிழலை இன்னும் பார்க்கலாம்.

கண்டிப்பில் ஓர் ஆபத்து உண்டு. நான் சுத்தமா, நான் தகுதியா என்று மனிதன் தன்னையே சுற்றிச் சுற்றி வருவான். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு சொன்னது அதுவல்ல. பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார். உனக்கு அவன்மேல் உள்ள கோபத்தைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. அவனுக்கு உன்மேல் என்ன குறை என்பதுதான் கேள்வி. பல வருஷம் இந்த வசனத்தைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். யாரையெல்லாம் மன்னித்தேன் என்று கணக்குப் பார்த்துத் திருப்தியோடு கோயிலுக்குப் போயிருக்கிறேன்.

தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் உருவாகி, 1950-ல் தன் திருவிருந்து முறையை எழுதியபோது இந்த வசனத்தை மறக்கவில்லை. காணிக்கைக்கு முன் சமாதானம் வழங்கும் சடங்கை வைத்தது. குருவானவரின் கையிலிருந்து தொடங்கி, ஒருவர் கூப்பிய கையை அடுத்தவர் தன் இரு கைகளுக்குள் வாங்கி, வரிசை வரிசையாகப் பின்னால் கடத்துவார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்த வழக்கம் அது. பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தொட்டே ஆகவேண்டும்.

அந்தத் தொடுதலின் கனம் செங்கல்பட்டுச் சீமைக்குத் தெரியும். ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். மிராசுதாரர் நிலத்தில் படியாளாக உழைத்தவருக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை. கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் அந்த மக்களின் நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல்தான் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அதே காலத்தில் செங்கல்பட்டு மிஷனில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ நிலமில்லாதவர்களுக்காக வாதாடினார். சிங்கப்பெருமாள் கோயில் அருகே மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பை உண்டாக்கினார். இதையும் நான் ஆராதனைக்கான ஆயத்தமாகவே பார்க்கிறேன். தலைமுறை தலைமுறையாகக் குறை சொல்ல உரிமை உள்ளவர்கள் ஊர் எல்லையில் காத்திருக்கும்போது, காணிக்கைத் தட்டை எந்தக் கையால் நீட்டுவது?

எங்கள் ஆயா இவ்வளவெல்லாம் படித்தவரில்லை. ஓர் ஆயத்த ஆராதனை முடிந்து வந்தவர் வீட்டுக்குள் நுழையவில்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை தாண்டிக் காலனிக்கு நடந்தார். களை எடுக்க வந்த ஓர் அம்மாவுக்கு அந்த வாரம் எங்கள் வீட்டில் கூலி குறைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்து மீதிக் காசைக் கொடுத்துவிட்டு, "எனக்கு உம்மேல கோவம் ஒண்ணுமில்ல. உனக்குத்தான் எம்மேல இருக்கும். இருந்தா சொல்லிடும்மா" என்றார்.

அந்த அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஒரு கூலியோடு முடியவில்லை. கொல்லைப்பக்கமாகவே வரச் சொன்னது, தனி டம்ளர் என்று நீண்டுகொண்டே போனது. ஆயா குறுக்கே பேசவில்லை. கடைசியில் தண்ணீர் கேட்டார். அவர்கள் சொம்பிலேயே வாங்கி, வாயில் வைத்துக் குடித்தார்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. வழியெல்லாம் ஆயா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளரை எடுத்துக் கழுவி, எங்கள் டம்ளர்களோடு அடுக்கினார்.