டப்பாவின் அடியிலுள்ள எண்

பூனைக்கு டப்பாவில் உணவா என்று நம் முதியோர் சிலர் நகைக்கக்கூடும். மீனும் மிச்சச் சோறும் உண்டு வளர்ந்த பூனைகளையே நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் இன்று நம் நகரக் கடைகளிலும் பூனைத் தீனிப் பொட்டலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. நம் இல்லங்கள் சிலவற்றிலும் அவை நுழைந்துவிட்டன. ஆதலின், இவ்வுணவு பெருவழக்காயுள்ள வட அமெரிக்காவில் 2007-ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நாம் அறிந்திருத்தல் நன்று.

அவ்வாண்டு மார்ச் 16-ஆம் நாள், கனடா நாட்டு மெனு ஃபுட்ஸ் நிறுவனம், நாய்க்கும் பூனைக்குமெனத் தான் தயாரித்த உணவில் 6 கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அதற்கு முன்னரே, அந்நிறுவனம் சோதனைக்காக உணவூட்டிய பூனைகளுள் சில மாண்டிருந்தன. ஒரே நிறுவனத்தின் சரக்கு ஏறக்குறைய 100 வணிகப் பெயர்களில் விற்கப்பட்டு வந்தது. மலிவான டப்பாவும் விலையுயர்ந்த டப்பாவும் அதில் அடக்கம்! விலை மிகுந்ததை வாங்கினோம், அச்சமில்லை என்றிருந்தவர்களும் ஏமாந்தனர்.

முதலில் எலி நஞ்சு என ஐயுற்றனர். மார்ச் 30-ஆம் நாள், மெலமின் என்னும் பொருளைக் கண்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. உடையாத தட்டுகள் செய்யும் பிசினுக்கு மூலப்பொருளான அதே மெலமின்தான். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் அது கலந்திருந்தது. ஏன் கலந்தனர்? சரக்கிலுள்ள நைட்ரஜனை அளந்தே புரதம் இவ்வளவு எனக் கணக்கிடுவது வழக்கம். மெலமினில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே அதைச் சிறிது தூவினால், தரங்குன்றிய மாவும் சத்து நிறைந்ததாகச் சோதனையில் தோன்றும். உடன் கலந்திருந்த சயனூரிக் அமிலத்தோடு அது கூடி, சிறுநீரகத்தில் படிகங்களாய் உறைந்து நுண்குழாய்களை அடைத்துவிட்டது. தங்கள் பிராணிகள் மடிந்தன என்று ஆயிரக்கணக்கானோர் முறையிட்டனர்.

பூனைதானே என்று ஒதுக்கிவிட இயலாது. 2008 செப்டம்பரில் அதே மெலமின் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் அகப்பட்டது. ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 பச்சிளங் குழந்தைகள் இறந்தனர். வாயில்லா உயிர்கள் ஓராண்டுக்கு முன்பே காட்டிய அடையாளம் அது. சீனப் பாற்பொருள்களுக்கு நம் அரசும் அம்மாதமே தடை விதித்தது.

நாம் செய்யத்தக்கது என்ன? திரும்பப் பெறும் அறிவிப்பில் வணிகப் பெயருடன், வகை, எடை, தொகுதி எண், இறுதி நாள் ஆகியனவும் குறிக்கப்படும். டப்பாவின் அடியிலோ பையின் ஓரத்திலோ உள்ள எண்ணை அதனோடு ஒப்பிட வேண்டும. ஆனால் நம்மில் பலர் தீனியை அழகியதொரு ஜாடியில் கொட்டிவிட்டு, பையை உடனே குப்பையில் எறிந்துவிடுகிறோம். பிறகு எதை ஒப்பிடுவது? தீனியைப் பையோடே ஜாடியில் வைப்பது நலம். எண்ணையேனும் குறித்து வைத்தல் வேண்டும். ஒருமுறை பார்த்ததோடு நிறுத்தலும் ஆகாது. 2007-இல் அப்பட்டியல் பல வாரங்கள் வளர்ந்துகொண்டே சென்றது. உலர்தீனியும் பின்னர் அதிற் சேர்ந்தது.

எண் ஒத்திருப்பின், பூனை நலமாகத் தோன்றினும் அந்நேரமே அவ்வுணவை நிறுத்துக. உண்ண மறுத்தல், வாந்தி, சோர்வு, ஓயாது நீர் பருகுதல், சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் கால்நடை மருத்துவரை நாடுக. டப்பாவையும் உடன் கொண்டு செல்க. மீந்ததைக் கட்டித் தனியே வைப்பது நன்று, சோதனைக்கு வேண்டியிருக்கலாம். அதைத் தெருநாயும் காக்கையும் தின்னும்படி வெளியில் எறிவது பெருந்தவறு.

இவ்வளவும் செய்துவிட்டுப் பூனையைப் பட்டினி போடுவாரும் உண்டு. இரண்டு மூன்று நாள் உண்ணாதிருந்தால் பூனையின் ஈரலில் கொழுப்பு ஏறி, உயிருக்கே ஊறு நேரும். பட்டியலில் இல்லாத வேறு தீனி கிட்டும் வரை, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காது வேகவைத்து, முள் நீக்கிய மீனைக் கொடுக்கலாம். சில நாள் மீனுக்குத் திரும்புவதில் எந்தப் பூனைக்கும் மனத்தாங்கல் இராது.