ஒரு கிராம் உலோகமும் ஏழரை மணி நேரமும்

சைக்கிள் என்ஜினின் கேஸில் 40 மி.மீ. நீளத்துக்கு ஒரு விரிசல். அதை அடைக்க எவ்வளவு அலுமினியம் வேண்டும்? விரிசலை ஒட்டி 3 மி.மீ. ஆழத்துக்கு, 60 டிகிரி விரிவில் பள்ளம் வெட்டினால், அந்தப் பள்ளத்தின் கொள்ளளவு சுமார் 208 கன மி.மீ. மேலே புடைத்து நிற்கும் பற்றையும் சேர்த்து 400 என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் எடை 1.1 கிராம்தான். ஆர்கான் வெல்டிங்குக்கு வாங்கும் 2.4 மி.மீ. ஃபில்லர் ராடு ஒன்று, 914 மி.மீ. நீளத்தில், 11 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு போதும். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் 10 நிமிடம் வாயு ஓடினால் 80 லிட்டர் ஆர்கான். 7 கன மீட்டர் சிலிண்டரில் இது ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

பொருட்செலவு இவ்வளவு சொற்பமாக இருந்தும், அமெரிக்காவில் இந்த என்ஜின்கள் விரிசல் விட்டால் பெரும்பாலும் குப்பைக்குப் போகின்றன. ஏன் என்பதைக் கூலிக் கணக்குதான் சொல்லும்.

முதலில் எந்த என்ஜின் என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண சைக்கிளின் முக்கோண ஃப்ரேமுக்குள் மாட்டுகிற, சீனாவில் செய்யப்படும் டூ-ஸ்ட்ரோக் கிட் என்ஜின். '80 சிசி' என்று விற்பார்கள். சிலிண்டரின் விட்டம் 47 மி.மீ., ஸ்ட்ரோக் 38 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 65.9 சிசிதான் வரும். நம் நாட்டு 1988 மோட்டார் வாகனச் சட்டம் 25 சிசிக்கு மேற்படாத என்ஜின் பூட்டிய, நான்கு சக்கரத்துக்குக் குறைவான வண்டியை மோட்டார் வாகனம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. ஆகவே இந்த கிட்டைப் பூட்டிய சைக்கிள் இங்கே ஓட வேண்டுமானால் பதிவும் உரிமமும் கேட்கும். அமெரிக்காவில் முழு கிட்டும் ஏறத்தாழ 100 முதல் 200 டாலருக்குள் கிடைக்கிறது. விலை இவ்வளவு குறைவாக இருப்பதுதான் பழுதுபார்ப்பவனுக்குப் பெரிய எதிரி.

டூ-ஸ்ட்ரோக் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில், இப்போதைய 99.7 சிசி டிவிஎஸ் எக்ஸ்எல் 100 போன்றவற்றில், கேஸுக்குள் ஆயில் நிற்கிறது. விரிசல் விட்டால் தரையில் சொட்டும், நாம் பார்த்துவிடுவோம். டூ-ஸ்ட்ரோக்கில் இந்தக் கேஸ்தான், அதாவது கிராங்க்கேஸ்தான் நுரையீரல். அதன் வழியே எவ்வளவு காற்று போகிறது என்று கணக்கிடுவோம். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். உள் கியர் 4.1 மடங்கு, வெளியே 10 பல்லுக்கு 44 பல், ஆக மொத்தம் 18.04 மடங்கு. மணிக்கு 30 கி.மீ. ஓடும்போது கிராங்க் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,350 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் 65.9 சிசி வீதம், ஏட்டுக் கணக்கில் நிமிடத்துக்கு 287 லிட்டர் காற்றுக் கலவை அந்தக் கேஸ் வழியாகப் போகிறது. விரிசல் 0.05 மி.மீ. வாய் திறந்திருந்தாலும் 40 மி.மீ. நீளத்துக்கு 2 சதுர மி.மீ. துளை. அதன் வழியே வெறும் காற்று நுழைகிறது. அந்த அளவுக்கு கார்புரேட்டரின் வழியே உறிஞ்சுவது குறைகிறது, பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் குறைகிறது. வண்டி சிறிது நேரம் வழக்கத்தைவிட விறுவிறுப்பாகக்கூட ஓடும். பிறகு சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே விரிசல் எவ்வளவு நீளம் என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. கேஸைத் தின்னரால் கழுவித் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசி வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஊறிய ஆயில் கசிந்து, வெள்ளைத் தூளின் நடுவே மயிரிழைபோல் ஒரு கறுப்புக் கோடு எழும். கண்ணுக்குத் தெரிந்த விரிசல் முடிந்துவிட்டதாக நாம் நினைத்த இடத்தையும் தாண்டி அந்தக் கோடு பெரும்பாலும் ஓடும். அதன் இரு முனையிலும் 2.5 மி.மீ. துளை போட்டுத்தான் வெல்டிங்கைத் தொடங்க வேண்டும்.

கோடு செயின் ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றிய சுவரோடு நின்றால் நல்ல காலம். அது கலவை அறைக்கு வெளியே. போல்ட் பிடிக்கும் காதில் இருந்தாலும் பற்றவைக்கலாம். அறைச் சுவரில் என்றால் காற்றுப்புகாத வேலை வேண்டும். பேரிங் உட்காரும் துளைக்குள் கோடு நுழைந்துவிட்டால் நான் பற்றவைக்கச் சொல்ல மாட்டேன். காரணம் இதுதான். 35 மி.மீ. வெளிவிட்டம் உள்ள 6202 பேரிங். கேஸ் 100 டிகிரி சூடேறினால் அலுமினியத் துளை 0.08 மி.மீ. விரிகிறது, எஃகு பேரிங் 0.04 மி.மீ. விரிகிறது. பிடிமானம் முழுவதும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்குக்குள்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு அந்தத் துளையை 0.05 மி.மீ. இழுத்துவிட்டாலே, ஓடும்போது பேரிங் துளைக்குள்ளேயே சுற்ற ஆரம்பிக்கும்.

பசையைப் பற்றியும் கேட்பார்கள். எஃகுத்தூள் கலந்த எபாக்ஸிகளில் சில 250 டிகிரிக்கு மேலும் தாங்கும் என்று டப்பாவில் போட்டிருக்கும், கிராங்க்கேஸ் அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. சிக்கல் சூட்டில் இல்லை, இழுவையைத் தாங்கும் வலுவில். அது காஸ்டிங்கின் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்று. செயின் பக்கச் சுவரில் கசிவை நிறுத்தப் போதும். காதுக்குப் போதாது. ஏன் போதாது என்று கணக்கிடலாம். பிஸ்டன் பகுதியின் எடை 100 கிராம் என்று வைத்தால், 5,000 சுற்றில் அது கேஸை இழுக்கும் விசை சுமார் 520 நியூட்டன், அதாவது 53 கிலோ எடை தொங்குவதற்குச் சமம். 6,000 சுற்றில் 76 கிலோ. வேகம் 20 சதவீதம் கூடியதற்கு விசை 44 சதவீதம் கூடுகிறது. இது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் அடிக்கும் அடி. ஸ்டட் தளர்ந்திருந்தால் அத்தனை அடியும் காதின் மேலேயே விழும். 6 மி.மீ. ஸ்டட்டின் தாங்கும் பரப்பு 20.1 சதுர மி.மீ., 8 மி.மீ. ஸ்டட்டுடையது 36.6. இந்த வித்தியாசத்துக்காகவே பற்றவைக்கும்போது மரையையும் 8 மி.மீ.க்கு மாற்றிவிடச் சொல்வேன். விரிசலுக்கான காரணத்தையும் நீக்க வேண்டும்: மட்டமான செயின் அறுந்து ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு சுவரை உடைத்திருந்தால், அந்தச் செயினையே திரும்பப் போடுவது பெரிய தவறு.

இனி கூலிக் கணக்கு. கீழே உள்ள நேரமும் விலையும் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் பட்டறைக்குத் தகுந்தபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிளிலிருந்து என்ஜினை இறக்கி மறுபடி ஏற்ற: 2 மணி
என்ஜினைப் பிரித்துக் கோக்க: 3 மணி
கழுவி, சூடுகாட்டி ஆயிலை விரட்டி, பள்ளம் வெட்ட: 1 மணி
ஆர்கான் வெல்டிங்: அரை மணி
மூட்டு முகத்தைச் சமன் செய்து மரை போட: 1 மணி

மொத்தம் ஏழரை. வெல்டிங் அதில் பதினைந்தில் ஒரு பங்கு. ஆயிலை விரட்டும் வேலையில் மட்டும் அவசரம் கூடாது. பழைய காஸ்டிங்கின் நுண்துளைகளில் ஊறிய ஆயில், தீப்பொறி பட்டதும் கறுப்பாகக் கொதித்துக் குமிழிடும். அந்தக் குமிழ் உறைந்த இடம் மறுபடி ஒழுகும்.

பேரிங், ஆயில் சீல், பேக்கிங் எல்லாம் சேர்த்து 25 டாலர், கேஸ் ஜோடி 50, புது கிட் 150 என்று வைப்போம். கேஸை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். இரு பாதியையும் சேர்த்து வைத்தே துளை கடைகிறார்கள் என்பதால், ஒரு பாதி மட்டும் புதிது என்றால் கிராங்க் நேராக நிற்காது. கேஸ் மாற்ற 5 மணி நேரம், கிட்டையே மாற்ற 2 மணி நேரம். மணிக்கூலி 80 டாலர் என்றால் பற்றவைக்க 625, கேஸ் மாற்ற 475, புது கிட் 310. அங்கே குப்பைத்தொட்டி ஜெயிப்பது இதனால்தான். கூலியைக் குறைத்துக்கொண்டே வந்தால் கணக்கு தலைகீழாகிறது. மணிக்கூலி 25 டாலருக்கு மேல் இருக்கும்வரை புது கிட் லாபம். 20-க்கும் 25-க்கும் இடையில் கேஸ் மாற்றுவது லாபம். 20-க்குக் கீழே பற்றவைப்பதே மலிவு. 10 டாலரில் பற்றவைக்க 100, கேஸ் மாற்ற 125, கிட் 170.

பிரித்துக் கோப்பதை உரிமையாளரே செய்து, வெல்டிங் பட்டறைக்கு 80 டாலர் வீதம் ஒரு மணி நேரக் கூலி மட்டும் தந்தால், உதிரிபாகங்களோடு 105 டாலர். அதே ஆள் கேஸ் ஜோடி வாங்கினால் 75. ஆனால் ஸ்டட் அளவும் துளை இடைவெளியும் ஒத்த கேஸ் கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது வெல்டிங்தான் வழி. தமிழ்நாட்டுப் பட்டறைக் கூலி அந்த 20 டாலருக்கு வெகு கீழே. 1980-ல் வந்த டிவிஎஸ் 50, அதன் பிறகு வந்த 69.9 சிசி எக்ஸ்எல் சூப்பர் ஆகியவற்றை இன்னும் ஓட்டுகிறவர்கள் கேஸ் விரிசல் விட்டவுடன் வண்டியைக் காயலான் கடையில் போட வேண்டாம் என்று நான் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். புதிதாக ஒரு கிலோ அலுமினியம் எடுக்க, மின்பகுப்புக்கு மட்டும் சுமார் 14 யூனிட் மின்சாரம் செலவாகியிருக்கிறது. ஒரு கிராமுக்காக அதைத் தூக்கியெறிவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோத்து முடித்ததும் இன்டேக், சைலன்சர் வாய்களை அடைத்து 0.4 கிலோ அழுத்தம் காற்று ஏற்றி, சோப்பு நீர் தடவிப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 0.07 கிலோவுக்கு மேல் இறங்கினால் மறுபடி பிரிக்க வேண்டியதுதான். என்ஜினை ஃப்ரேமில் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்தால், இறக்கி ஏற்றும் அந்த 2 மணி நேரமாவது இரண்டாம் முறை கணக்கில் ஏறாது.