ஏலமும் வெனிலாவும்: இனிப்பை நினைவூட்டும் மணங்கள்

மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் தேயிலையும், அங்கிருந்து உடும்பன்சோலை நோக்கிச் செல்லும் சரிவுகளில் மரநிழலில் ஏலமும் விளைகின்றன. ஏலம் உலர்த்தும் கூடத்தை அணுகுவோர்க்குப் பாயசத்தின் நினைவு எழுவது இயல்பு. ஆயினும் ஏல விதையை மென்று பார்த்தால் காரமும் குளிர்ச்சியுமே தெரியும், இனிப்பு இல்லை. இனிக்காத பொருளின் மணத்தை இனிப்பு மணம் என நாம் உணர்வது ஏன்? தின்பண்ட மணம் கொண்ட வாசனைத் திரவியங்கள் விரும்பப்படுவதன் காரணமும் இவ்வினாவில் அடங்கியுள்ளது.

நாக்கு அறியும் சுவைகள் சிலவே. உணவின் ஏனைய வேறுபாடுகளை மூக்கே அறிகிறது. மெல்லும்போது எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கினுள் ஏறுகிறது. ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் காட்டலாம். ஏலப்பொடி கலந்த சர்க்கரையை மாணவன் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவைத்தால் இனிப்பே தெரியும். கையை எடுத்தவுடன் ஏலமும் தெரியும். இவ்விரண்டையும் மூளை ஒன்றாக இணைத்துக்கொள்கிறது. 1990களில் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனைகளில், பழக்கமில்லாத மணங்களைச் சர்க்கரைக் கரைசலுடன் சிலமுறை கொடுத்தனர். பின்னர் அம்மணங்களைத் தனியே முகர்ந்தபோதும் முன்னைவிட இனிப்பானவையாக அவர்கள் மதிப்பிட்டனர்.

ஏல எண்ணெயின் முக்கியக் கூறுகளுள் ஒன்றான சினியோல், நீலகிரித் தைலத்திலும் மிகுதியாக உண்டு. தைலம் சளி மருந்தையும் ஏலம் விருந்தையும் நினைவூட்டுகின்றன! ஏலத்தில் டெர்பினைல் அசிட்டேட் உடனிருப்பது உண்மையே. எனினும் நம் பழக்கத்தின் பங்கும் சிறிதன்று எனக் கருதுகிறோம். அரபு நாடுகளில் ஏலம் பெரும்பாலும் சர்க்கரையிடாத காப்பியில் சேர்கிறது. ஸ்வீடனில் இனிப்பு ரொட்டியில் சேர்கிறது.

விருப்பம் முழுவதும் பழக்கமே என்றும் கூறிவிட முடியாது. வெவ்வேறு பண்பாடுகளைச் சேர்ந்த மக்களிடையே நடத்தி 2022இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், கொடுக்கப்பட்ட மணங்களுள் வெனிலினே மிக இனியதாக மதிப்பிடப்பட்டது. பண்பாட்டு வேறுபாட்டின் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காடே. மணப்பொருளின் தன்மைக்கு 41 விழுக்காடு. எஞ்சியதில் பெரும்பகுதி தனிமனித வேறுபாடு.

வெனிலின் 1874இல் ஜெர்மனியில் செயற்கையாக ஆக்கப்பட்டது. 1889இல் பாரிசில் வெளிவந்த ‘ஜிக்கி’ என்னும் திரவியத்தில் அது இடம்பெற்றது. 1992இல் வந்த ‘ஏஞ்சல்’, பஞ்சுமிட்டாயை நினைவூட்டும் எத்தில் மால்டாலைத் தாராளமாகக் கையாண்டு, இவ்வகைத் திரவியங்களுக்குப் பெரும் சந்தையைத் திறந்தது.

இயற்கை வெனிலாவின் கதை இடுக்கிக்கு அந்நியமன்று. பச்சைக் காயில் மணம் இல்லை. வெனிலின் அங்கே குளுக்கோசுடன் பிணைந்து கிடக்கிறது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, வாரக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்தும்போதே நொதிகள் அப்பிணைப்பைப் பிரிக்கின்றன. பூக்களை ஒவ்வொன்றாகக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யவும் வேண்டும். 2000இல் மடகாஸ்கரைப் புயல் தாக்கியபின் உலக விலை ஏறியது. கேரள உழவர் பலர் கொடி நட்டனர். விலை உச்சத்தில் இருந்தபோது உணவுத் தொழிலகங்கள் செயற்கை வெனிலினை நாடின. மடகாஸ்கரின் விளைச்சலும் மீண்டது. 2004க்குப் பின் விலை சரிந்தது. பல தோட்டங்களில் கொடிகள் கவனிப்பாரின்றி விடப்பட்டன. உலகில் பயன்படும் வெனிலினில் மிகப் பெரும்பகுதி தொழிற்சாலைகளில் ஆக்கப்படுவதாகும் என்பதைப் புதிதாகக் கொடி நட விழையும் உழவருக்குக் களப்பணியாளர் முதலிலேயே எடுத்துக்கூறுவது நலம்.