பழைய கணினியும் லினக்ஸும்

நமது சங்க அலுவலகத்திலுள்ள இரண்டு கணினிகளும் 2016ஆம் ஆண்டில் வாங்கப்பட்டவை என்பதை அங்கத்தினர்களில் பலர் அறிவர். ஒன்றில் கணக்கு எழுதப்படுகிறது. மற்றொன்றில் கடிதப் போக்குவரத்தும், நூல் இருப்பும், மணிலா வரத்தும் பதியப்படுகின்றன. இவற்றில் இயங்கிவந்த விண்டோஸ் 10க்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் செயலிகளின் பட்டியலில் நம் கணினிகளின் செயலி இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியில் அங்கத்தினரின் கடன் விவரங்களையும் வைப்புத் தொகை விவரங்களையும் வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுவது, கிடங்கைத் திறந்துபோட்டுவிட்டு வீடு செல்வதற்கு ஒப்பாகும். புதியவை வாங்குவதாயின் செலவு இவ்வாண்டு இலாப ஈவைத் தொடும். ஆகவே செலவின்றி ஒரு வழி உண்டா எனப் பார்க்குமாறு நிர்வாகக் குழு பணித்தது. லினக்ஸ் மிண்ட் என்னும் இயங்குதளத்தைச் சோதித்துப் பார்த்தோம்.

இயங்குதளம் என்பது கணினியின் எல்லா வேலைகளையும் முறைப்படுத்தி நடத்தும் அடிப்படை மென்பொருள். லினக்ஸின் கருவை 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது, யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை தரும் பொது உரிமத்தின் கீழ் வந்தது. ஆரணிப் பக்கத்து நெசவாளர்க்கு இதை விளக்குவது எளிது. ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் அட்டையைக் கையிலெடுத்துப் பார்க்கலாம்; துளையை மாற்றிப் புட்டாவை மாற்றலாம். அட்டையைப் பெட்டிக்குள் பூட்டிவைத்து, நெய்வதற்கு மட்டும் அனுமதி விற்பவரிடம் அது இயலாது. (துளையிட்ட அட்டை என்னும் யுக்தியே பிற்காலத்தில் கணிப்பொறிகளுக்கும் வழிகாட்டிற்று. நெசவாளர் கணினிக்கு அந்நியரல்லர்.)

லினக்ஸ் நம் மாநிலத்துக்குப் புதிதும் அன்று. சென்னையிலுள்ள சி-டாக் அமைப்பு ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. நாம் அறிந்த இல்லங்களில் அதைத் திறந்து பார்த்தவர் அரியர். சொல்லிக்கொடுப்பார் இல்லாமையே காரணம் என்பது நம் கருத்து. கேரளத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸைக் கொண்டுவந்தார்கள்; அங்கே அது வேரூன்றியது.

மிண்ட் 2006இல் தொடங்கியது. உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸின்மீது கட்டப்பட்டது. விண்டோஸில் பழகிய கைக்கு, கீழே இடது மூலையில் பட்டி இருப்பதே பாதி அச்சத்தைப் போக்கிவிடுகிறது. இதன் 22ஆம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 ஜிபி இருப்பது நலம்.

பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் அலுவலகத் தெருவில் கால் வைக்க இடமிராது. எனவே அதற்கு முந்தின சனிக்கிழமையைத் தேர்ந்தோம். மிண்ட்டின் தளத்திலிருந்து ஏறக்குறைய 3 ஜிபி அளவுள்ள கோப்பை இறக்கி, ரூபஸ் என்ற இலவசக் கருவியால் பென்டிரைவில் எழுதினோம். கோப்பை வெறுமனே நகலெடுத்துப் போட்டால் கணினி அதிலிருந்து துவங்காது என்பதைக் கவனிக்க வேண்டும். கடிதக் கணினியில் பென்டிரைவைச் செருகி, துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தவுடன், சில நிமிடங்களில் மிண்ட் திரையில் தோன்றியது. இவ்வாறு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும்போது வன்தட்டில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. பிடிக்கவில்லையெனில் பிடுங்கிவிடலாம். கைராட்டையைப் போல எளிதென்று சொல்லமாட்டோம்; ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை.

இணையம், கடிதம், அட்டவணை ஆகிய மூன்றும் குறையின்றி நடந்தன. லிப்ரே ஆபீஸ் உடன் வருகிறது. பழைய எக்செல் கோப்புகளைத் திறந்தது, ஓரிரண்டில் கட்டங்களின் அகலம் மட்டும் பிசகியது. தமிழ்தான் நமக்கு முக்கியம். விசைப்பலகை அமைப்பில் 1999ஆம் ஆண்டு மாநாட்டில் பிறந்த தமிழ்99 முறை உள்ளது. தானே புள்ளியிடும் வசதி வேண்டுமாயின் ஐபஸ், எம்17என் என்னும் இரு சிறு மென்பொருள்களை நிறுவ வேண்டும். சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகளே தொல்லை தந்தன. அவை யூனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரிகின்றன. எழுத்துருக் கோப்புகளை நகலெடுத்து வைத்ததும் படிக்க முடிந்தது. என்றாலும் மாற்றிகளின் உதவியால் அனைத்தையும் யூனிகோடுக்குக் கொண்டுவருவதே முறை. விண்டோஸிலேயே இருந்தாலும் இவ்வேலையை ஒருநாள் செய்தாக வேண்டும்.

ரசீது அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எப்சன் ஒன்பது ஊசி வகையெனத் தெரிவு செய்ததும் இயங்கியது. தமிழை அது படமாக அச்சிடுவதால் சற்றுத் தாமதம் ஆகிறது. கூட்டம் மிகும் கொள்முதல் நாட்களில் இத்தாமதம் வரிசையில் நிற்கும் உறுப்பினரைச் சோதிக்கும்.

கணக்குக் கணினியின் நிலை வேறு. நாம் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. வைன் என்ற இடைக் கருவியின் வழியே அதை லினக்ஸில் திறக்கலாம் என்பர், திறந்தது உண்மையே. ஆனால் ஆண்டிறுதி அறிக்கையை அச்சிடும் இடத்தில் நின்றுவிட்டது. பேரேடு இவ்வாறு பாதியில் நிற்கும் இடத்தில் சிக்கனம் பார்ப்பது முறையன்று. ஆகவே, கடிதக் கணினியில் மட்டும் மிண்ட்டை நிறுவவும், கணக்குக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து இவ்வாண்டுத் தணிக்கை முடியும்வரை விண்டோஸிலேயே வைக்கவும் பரிந்துரைத்திருக்கிறோம். இதனால் இரண்டுக்குப் பதில் ஒரு கணினியே வாங்க நேரலாம். தணிக்கைக்குப் பின் குழு முடிவு செய்யும்.

நிறுவிய அன்றே டைம்ஷிப்ட் என்னும் உடன்வரும் கருவியால் அமைப்பின் நகலொன்றை எடுத்து வைத்தோம். பின்னர் ஏதேனும் கெட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அது உதவும். சங்கக் கோப்புகளை அது காப்பதில்லை. அவற்றுக்கு வெளித்தட்டில் தனிப் பிரதி வேண்டும்.

மாணவர் மடிக்கணினிகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. அவற்றில் மிண்ட் அமைத்துக்கொள்ள விரும்பும் அங்கத்தினர்கள் இரண்டாம் சனிக்கிழமைகளில் பிற்பகல் அலுவலகத்துக்கு வரலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றும் மின்னேற்றியும் கொண்டுவருக. மடிக்கணினியிலுள்ள குடும்பப் புகைப்படங்களையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் முன்னதாகவே வேறிடத்தில் பிரதியெடுத்து வைத்தவர்க்கு மட்டுமே நிறுவித் தரப்படும்.