மேசை மேல் இரண்டு லிட்டர்

உடம்பும் ஊரும் – 9

டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது பிரௌன்ஸ்வில். அக்கரையில் மெக்சிகோவின் மட்டமோரோஸ். ஊர்க்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் ஹிஸ்பானியர்கள், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வம்சாவளியினர். ஆப்பிரிக்காவில் எபோலா, லாஸா வைரஸ்களைத் துரத்தித் திரிந்த ஜோசப் மெக்கார்மிக், சூசன் ஃபிஷர்-ஹோக் தம்பதி 2001-ல் இங்கே வந்தார்கள். இம்முறை துரத்த வேண்டியிருந்தது சர்க்கரை நோயையும் அதற்கு வழிவிடும் உடற்பருமனையும்! 2004-ல் அவர்கள் வீடு வீடாகத் தொடங்கிய ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடற்பருமன்.

பெற்றோர் கதை இது. பிள்ளைகள்? அமெரிக்கா முழுவதும் 2 முதல் 19 வயது வரையுள்ள ஹிஸ்பானியர்களில் 26.2 சதவீதம் பேருக்கு உடற்பருமன் என்கிறது 2017–2020 அரசுக் கணக்கு. வெள்ளையரில் இது 16.6.

இதைச் சொன்னதும் பலரும் தோர்த்தியாவைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சுண்ணாம்பு நீரில் வேகவைத்த மக்காச்சோளத்தை அரைத்துச் சுட்ட ரொட்டி, கூடவே பீன்ஸ். ஏழை வீட்டுக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஏது? தாய்சேய் ஊட்டச்சத்துத் திட்டத்தில் மக்காச்சோளத் தோர்த்தியாவை அமெரிக்க அரசே 2009-ல் சேர்த்துக்கொண்டது. வில்லன், தட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு லிட்டர் பாட்டில். 355 மில்லி கோலா டின் ஒன்றிலேயே 39 கிராம் சர்க்கரை, ஒன்பது தேக்கரண்டிக்கு மேல். காபியில் அவ்வளவு போட்டால் வீட்டில் யாரும் குடிக்கமாட்டார்கள். ஜில்லென்று நுரையோடு வந்தால் மட்டும் உள்ளே இறங்கிவிடுகிறது. அங்கே ‘ஹமைக்கா’ என்றொரு பானம் உண்டு. நம் புளிச்சகீரை இனத்துச் செடியின் காய்ந்த புல்லியிதழை ஊறவைத்த சிவப்புத் தண்ணீர். அதிலும் சர்க்கரை உண்டுதான், ஆனால் அளவு வீட்டார் கையில்.

சரி, ஓடியாடலாமே? எங்கே ஓடுவது? ஊருக்கு வெளியே ‘கொலோனியா’ எனப்படும் ஏழைக் குடியிருப்புகள் பலவற்றில் நடைபாதை கிடையாது, தெருவிளக்கு கிடையாது. கோடையில் வெயில் கொளுத்தும். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், “கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இரு” என்பது அம்மாவின் அக்கறை. பிள்ளை கைப்பேசியோடு உட்கார்கிறது. பாதி ராத்திரி வரை அதே கதைதான். பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

ஆக, வாங்குவது, சமைப்பது, பூட்டுவது எல்லாமே வீடு. பிள்ளையை மட்டும் உட்காரவைத்துத் திட்டி என்ன பயன்? பிரௌன்ஸ்வில்லில் இதைப் புரிந்துகொண்டவர்கள் ‘புரோமோதோரா’ எனப்படும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள். வீடு தேடிப் போய், அந்த வீட்டு மொழியிலேயே, சமைப்பவரிடமும் பேசுகிறார்கள். நகராட்சியும் தன் பங்குக்கு, ‘சிக்லோபியா’ என்ற பெயரில் அவ்வப்போது தெருக்களில் கார்களைத் தடுத்து, நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் விட்டுக்கொடுத்தது. ஒரு நாள் கூத்துதானே என்று கேட்கலாம். நடைபாதை நிரந்தரமாக வரும்வரை அதுவாவது இருக்கட்டும்.

எடை இயந்திரத்தையே வெறித்துப் பார்க்கும் பெற்றோருக்கு இன்னொன்று. எடை மிகுந்த லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பையன்கள் 22 பேரை வைத்து நடந்த சிறிய ஆய்வு ஒன்று 2006-ல் வெளிவந்தது. ஒரு பிரிவினர் வாரம் இருமுறை, 16 வாரம் பளு தூக்கினார்கள். அவர்கள் உடம்பில் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலைசெய்தது. உடலமைப்பில் வந்த மாற்றத்தைக் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நிலைத்தது.

(தொடரும்)